ஹாம்ப்ஷயர்: ஒரு சாக்ஸன் ஷயர் பற்றிய வாசகர் கேள்விகள்

சாக்ஸன் கால இங்கிலாந்து (ஏறக்குறைய 5 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை) பற்றி வந்த கேள்விகளில் பல, தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் என்ற ஷயரை, அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியை, சுற்றியே இருந்ததால், அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஹாம்ப்ஷயர் என்ற பெயர் முதலில் எப்போது வருகிறது?

ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகளைக் குறித்த ஆங்கிலோ-சாக்ஸன் நாளாகமத்தில், 757-இல் நடந்த ஒரு பதவிப் பறிப்பைச் சொல்லும் இடத்தில். மேற்கு சாக்ஸன்களின் அரசான வெஸ்ஸெக்ஸின் அரசன் சிகெபர்ட் அநியாயம் செய்தான் என்று கினெவுல்ஃபும் பிரபுக்களின் சபையும் சேர்ந்து அவனிடமிருந்து நாட்டைப் பறித்தார்கள். ஹாம்ப்ஷயரை மட்டும் விட்டுவைத்தார்கள். மற்ற எல்லோரும் விலகிய பிறகும் கூடவே நின்ற அதிகாரி கும்ப்ராவை சிகெபர்ட் கொன்றான். அதோடு ஹாம்ப்ஷயரும் கைவிட்டுப் போயிற்று. ஆண்ட்ரெட் காட்டுக்கு விரட்டப்பட்டவனை, பிரிவெட் ஓடைக்கரையில் ஒரு பன்றி மேய்ப்பவன் குத்திக் கொன்று கும்ப்ராவுக்காகப் பழிதீர்த்தான். இது நாளாகமத்தில் தொகுக்கப்பட்டது வெஸ்ஸெக்ஸ் அரசன் ஆல்ஃபிரட் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில். 757-இலேயே எல்லைகள் பிற்காலம்போல வரையறுக்கப்பட்டிருந்தன என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வின்செஸ்டர் இருக்கும்போது ஷயருக்கு சவுத்தாம்ப்டனின் பெயர் ஏன்?

8-ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டரில் பிஷப்பும் தேவாலயமும் இருந்தார்கள். வியாபாரமும் ஜனநெருக்கமும் ஹாம்விக்கில்தான். 700-ஐ ஒட்டி, இட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய சவுத்தாம்ப்டன் இருக்கும் இடத்தில் எழுந்த துறைமுகம் அது. சரளை போட்ட தெருக்கள், எலும்பில் சீப்பு செய்யும் பட்டறைகள், வெள்ளிக் காசுகள் எல்லாம் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கால்பந்து ரசிகர்களுக்குத் தெரிந்த செயின்ட் மேரிஸ் மைதானத்தைக் கட்டும் முன் தோண்டியபோதும் சாக்ஸன் கல்லறைகள் வெளிப்பட்டன. ஹாம்விக், ஹாம்டன் என்று இரண்டு பெயர்களும் வழங்கின. ஷயருக்குக் கிடைத்தது இரண்டாவது.

அங்கே வாழ்ந்தவர்கள் எல்லோரும் சாக்ஸன்களா?

இல்லை. வைட் தீவிலும் அதற்கு எதிரே உள்ள கரையிலும் ஜூட்டுகள் என்ற வேறொரு ஜெர்மானிய இனத்தார் இருந்தார்கள் என்கிறார் 8-ஆம் நூற்றாண்டுத் துறவியும் வரலாற்றாசிரியருமான பீடு. 686-இல் வெஸ்ஸெக்ஸ் அரசன் காட்வல்லா தீவைக் கொடூரமாகக் கைப்பற்றினான். தீவின் அரசன் அர்வால்டின் இரண்டு இளம் சகோதரர்கள் தப்பி நிலப்பகுதிக்கு வந்தார்கள், காட்டிக்கொடுக்கப்பட்டார்கள். ஞானஸ்நானம் கொடுக்கும் வரை கொலையைத் தள்ளிவைக்கும்படி ஒரு மடாதிபதி கேட்டார். அது முடிந்ததும் கொன்றார்கள். பீடு இதைப் புண்ணியமான முடிவாகச் சொல்கிறார். எனக்கு அது ஒரு சிறு இனத்தின் அழிவாகத்தான் தெரிகிறது.

ஷயரை நடத்தியது யார்?

மேலே எயால்டர்மன் என்ற பெருந்தலைவர், பின்னாளில் அவருக்குக் கீழே அரசனின் ஆளாக ஷெரீஃப். சென்னையில் நெடுங்காலம் கௌரவப் பதவியாக இருந்த ஷெரீப்பின் வேர் இதுதான். 10-ஆம் நூற்றாண்டில் அரசன் எட்கரின் சட்டப்படி ஷயர் மன்றம் ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும். பிஷப்பும் எயால்டர்மனும் அங்கே இருக்க வேண்டும். வழக்கு பேசக் கூடியவர்களில் பலர்தான் போர் வந்தால் ஒன்றாக நின்றவர்களும். ஷயர் பலமாக இருந்ததற்கு இதையே முதல் காரணமாகச் சொல்வேன். 860-இல் வைக்கிங்குகள் வின்செஸ்டரைச் சூறையாடித் திரும்பும்போது, ஒஸ்ரிக் தலைமையில் ஹாம்ப்ஷயர் ஆட்களும் எத்தெல்வுல்ஃப் தலைமையில் பெர்க்ஷயர் ஆட்களும் அவர்களை மறித்துத் தோற்கடித்தார்கள்.

கோட்டைகளுக்கு ஆள் எப்படிச் சேர்த்தார்கள்?

இதற்கு ஓர் அருமையான ஆவணம் இருக்கிறது: 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த பர்கல் ஹைடேஜ். எந்தக் கோட்டை ஊருக்கு எத்தனை ஹைட் நிலம் என்று சொல்லும் பட்டியல் அது. ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் ஒரு ஹைட். ஹைடுக்கு ஓர் ஆள், ஐந்தரை கஜம் சுவருக்கு நாலு ஆள். வின்செஸ்டருக்கு 2,400 ஹைட் ஒதுக்கியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 3,300 கஜம், ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வருகிறது. அந்த ஊரின் பழைய ரோமானியச் சுவரின் நீளமும் கிட்டத்தட்ட அதேதான்! யாரோ சுவரை நடந்து அளந்து, அதற்கேற்ப ஊர் ஊராக ஆள் பிரித்திருக்கிறார்கள். போர்ட்செஸ்டருக்கு 500 ஹைட். சவுத்தாம்ப்டனுக்கு வெறும் 150.

ஆனால் இந்த ஏற்பாடு எப்போதும் காப்பாற்றவில்லை. 1001-இல் டேனியர்களோடு நடந்த ஒரு சண்டையில் இந்த ஷயரின் 81 பேர் இறந்தார்கள். அரசனின் அதிகாரிகள், விட்சர்ச் ஊரின் லெயோஃப்ரிக், ஒரு பிஷப்பின் மகன் காட்வின் என்று நாளாகமம் சிலரைப் பெயர் சொல்லியே குறித்து வைத்திருக்கிறது.

நியூ ஹாம்ப்ஷயருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 1629-இல் ஜான் மேசன் இந்த ஷயரின் பெயரையே அமெரிக்க நிலத்துக்கு வைத்தார்.

இங்கிலாந்து போனால் அந்தக் காலத்தில் கட்டியது எதையாவது பார்க்க முடியுமா?

வின்செஸ்டர் பேராலயத்தின் அருகே புல்தரையில், இடிக்கப்பட்ட பழைய மடாலயத்தின் தரைவடிவத்தைச் செங்கல்லால் காட்டியிருக்கிறார்கள். ஒரே இடம்தான் பார்க்க முடியும் என்றால் மியான் பள்ளத்தாக்கில் உள்ள கார்ஹாம்ப்டன் தேவாலயத்துக்குப் போங்கள். தெற்குச் சுவரில் சாக்ஸன் சூரியக் கடிகாரம் இருக்கிறது. அது பகலிரவை 24 மணியாக அல்ல, எட்டு பொழுதுகளாகப் பிரித்த முறையைச் சேர்ந்தது. வெயில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள்.