பில்லியர்ட்ஸ் வகையான பூல் (pool) ஆட்டத்தில், பந்தை அடிக்கும் கோலின் (கியூ) முனையில் பூசும் சாக்கை விலை உயர்ந்ததாக வாங்கினால் ஆட்டம் மேம்படுமா?

பந்தின் சுழற்சி கூடும் என்று எண்ணி வாங்குவதானால் வேண்டாம். கோலின் தோல் முனை வெள்ளைப் பந்தில் வழுக்காமல் பற்றுவதற்குத்தான் சாக். பற்றிவிட்டால் போதும், அதன்பின் சுழற்சியைத் தீர்மானிப்பவை பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள், எவ்வளவு வேகமாக அடிக்கிறீர்கள் என்பவையே. பந்தின் ஆரத்தில் ஏறக்குறைய பாதியைத் தாண்டி அடித்தால், எந்தச் சாக் பூசியிருந்தாலும் முனை வழுக்கும்.

பெயர்தான் சாக், பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1897இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வில்லியம் ஹாஸ்கின்ஸும் காப்புரிமை பெற்ற கலவையிலிருந்தே இதன் அடிப்படை சிலிக்கா போன்ற சொரசொரப்பான துகள்கள்தாம். 'மாஸ்டர்' என்ற பெயரில் விற்கும் மலிவான சாக்கும் இந்த வேலையைச் செவ்வனே செய்கிறது.

அப்படியானால் ஜப்பானின் கமுயி, பின்லாந்தின் தாவோம் போன்ற விலை உயர்ந்த சாக்குகள் எதற்கு? நல்ல சாக் முனையில் நெடுநேரம் ஒட்டியிருக்கும். மேசையிலும் கையிலும் குறைவாக உதிரும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: வெள்ளைப் பந்தில் படிந்த சாக் கறை, அதுவும் அது மோதும் பந்தும் தொடும் புள்ளியில் வந்துவிட்டால் உராய்வு திடீரெனக் கூடி, குறி தவறும். கறை குறைவாகப் படியும் சாக் இங்கே உண்மையாகவே உதவும்.

எந்தச் சாக் ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் முன்பு முனை முழுவதும் சீராகப் பூசுங்கள். சாக் கட்டியில் விழுந்திருக்கும் குழியில் முனையைச் செருகித் திருகாதீர்கள், ஓரம் வெறுமையாகவே நின்றுவிடும். முனை வழவழப்பாகித் தட்டையாகியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.