கடைசி முந்நூறு மீட்டருக்கு யாரு பொறுப்பு? (வாசகர் கேள்வி-பதில்)

இந்த மாசம் வந்த கடுதாசியில நாலு ஒரே விஷயத்தைப் பத்தி இருந்துச்சு, வெளியூர்லேர்ந்து நம்ம ராம்நாடு பக்கம் வீட்டை மாத்திட்டு வர்றவங்க, பேக்கர்ஸ் மூவர்ஸை நம்பலாமா, எப்படி பேசணும்னு. நானே 2019-ல சென்னையிலேர்ந்து இங்க சாமான் செட்டோட வந்தவ, பட்டதும் உண்டு, அதனால நாலுக்கும் சேர்த்தே பதில் சொல்லிடறேன்.

கேள்வி: அக்கா, நாங்க சென்னை மண்ணடியில இருக்கோம். கீழக்கரையில எங்க உம்மா எனக்குன்னு குடுத்த வீட்டுக்கே திரும்ப வந்துடலாம்னு இருக்கோம். மூணு கம்பெனியில விலை கேட்டாச்சு, ஒருத்தர் சொல்றதுக்கும் இன்னொருத்தர் சொல்றதுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம். எதை வச்சு முடிவு பண்றது? (வாசகி, சென்னை)

தங்கச்சி, விலையை அப்புறம் பாப்போம், முதல்ல ஒண்ணு கேக்குறேன், உங்க தெருவுக்குள்ள லாரி வருமா? இந்தக் கேள்வியை அந்த மூணு கம்பெனியில எவராவது கேட்டாங்களான்னு யோசிச்சுப் பாருங்க. கேட்டிருக்க மாட்டாங்க. அவங்க கணக்கெல்லாம் எத்தனை ரூம், எந்த மாடி, எத்தனை கிலோமீட்டர், அவ்வளவுதான். ஆனா நம்ம ஊர்ப் பக்கம் சென்னையிலேர்ந்து வர்ற ஐந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்ல பெரிய பிரச்சினை வர்றதில்ல, மெயின் ரோட்டுலேர்ந்து வீட்டு வாசல் வரைக்கும் இருக்கே அந்த முந்நூறு மீட்டர், அங்கதான் மொத்த வம்பும் வரும். கீழக்கரை மரக்கலம் வந்து போன காலத்துலேர்ந்து இருக்குற ஊரு, வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊரு, அந்தத் தெருவெல்லாம் ஆளு நடக்கவும் வண்டிமாடு போகவும் விட்ட தெரு, 17 அடி ஐச்சர் லாரி வரும்னு யாரு நினைச்சிருப்பா?

என் கதையைச் சொல்றேன். நான் வந்தது ராம்நாட்டுல அரண்மனைப் பக்கத்துச் சந்துக்கு. போன்ல பேசி 26,000-னு முடிச்சாச்சு, எல்லாம் அடங்கும்னு வாயால சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். விடியக்காலை ஆறரை மணிக்கு லாரி சந்து முனையில வந்து நின்னுச்சு. டிரைவர் இறங்கி, சந்து வாயில ரெண்டு கையையும் விரிச்சு அளந்து பாத்துட்டு, இந்தப் பக்கத்துத் திண்ணையையும் மேல தொங்குற கரண்ட் வயரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "உள்ள போகாதும்மா"னு சொல்லிட்டு லாரி நிழல்லயே துண்டை விரிச்சுப் படுத்துட்டாரு. கம்பெனிக்கு போன் போட்டா, குட்டியானை வைக்கணும், இறக்குக்கூலி தனி, 7,000 கூடுதலாக் குடுத்தாத்தான் தார்ப்பாய அவுப்போம்ங்கறாங்க. பத்து மணி வெயில் ஏறிடுச்சு, உள்ள அப்பாவோட மருந்துப் பெட்டி இருக்கு, பிள்ளைங்க பசியோட நிக்குது, வேற என்ன பண்றது, குடுத்தேன். டிரைவரைச் சொல்லிக் குத்தமில்ல, தெரு எப்படி இருக்கும்னு அவருக்கு யாரும் சொல்லல.

அதனால நீங்க பண்ண வேண்டியது, ஊர்ல இருக்குற யாரையாவது விட்டு மெயின் ரோட்டுலேர்ந்து உங்க வீட்டு நிலைவாசல் வரைக்கும் நடந்துக்கிட்டே ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்க, தாழ்வாத் தொங்குற வயர், துருத்திக்கிட்டு இருக்குற படிக்கட்டு, சாக்கடை மூடி, திரும்புற முக்கு எல்லாம் அதுல தெரியணும். ரொம்பக் குறுகலான இடத்துல இஞ்ச் டேப் வச்சு அளக்கச் சொல்லுங்க. 17 அடி வண்டிக்கு அகலமே ஏழு அடி கிட்ட வரும், திரும்ப இன்னும் இடம் வேணும், குட்டியானைன்னா அஞ்சு அடி. அந்த வீடியோவை மூணு கம்பெனிக்கும் அனுப்பிட்டு, லாரி எங்க நிக்கும், அங்கேர்ந்து எந்த வண்டியில வரும், ஏத்துக்கூலி இறக்குக்கூலி யாரோடது, இதெல்லாம் சேத்து எழுத்துல விலை கேளுங்க. அப்பப் பாருங்க, அந்தப் பாதிக்குப் பாதி வித்தியாசம் பெரும்பாலும் காணாமப் போயிடும், ஏன்னா கம்மியாச் சொன்னவங்க அதையெல்லாம் கணக்குலயே சேத்திருக்க மாட்டாங்க. வீட்டுக்கு வந்து சாமானைப் பாக்காம, இல்ல வீடியோ கால்லயாவது ஒவ்வொரு ரூமாப் பாக்காம விலை சொல்றவங்களை நான் கிட்டயே சேக்க மாட்டேன்.

அப்படியே பழைய வீட்டோட நிலை அகலத்தையும் அளந்துடுங்க. அந்தக் காலத்து ரெட்டைக் கதவு நிலைக்குள்ள இப்ப வர்ற பெரிய ஃப்ரிட்ஜ் நுழையறது கஷ்டம், வாசல்ல வந்து நின்னுக்கிட்டு யோசிக்கிற விஷயம் இல்ல அது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், ஜும்ஆ தொழுகை நேரத்துல தெரு முழுக்க ஆளும் வண்டியுமா இருக்கும்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல, ஆனா கம்பெனிக்காரனுக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும். பக்கத்து ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழா நாள்லயும் கீழக்கரை ரோடு கூட்டமா இருக்கும், தேதியைப் பாத்துக்குங்க.

கேள்வி: அம்மா, நான் ரிட்டயர்டு ஆளு, மதுரையில இருக்கேன். ராமேஸ்வரத்துல ரதவீதிக்குப் பின்னாடி ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடிச்சிருக்கேன். மூவர்ஸுக்கு அவ்வளவு குடுக்கணுமா, ரிட்டர்ன் லோடு லாரியில ஏத்தினா சல்லிசா முடியும்ங்கறாங்களே? (வாசகர், மதுரை)

ஐயா, முடியும், நிஜமாவே கம்மியா முடியும். இங்கேர்ந்து மீனு, கருவாடு, உப்பு, சீமைக்கருவேலங் கரின்னு ஏத்திட்டுப் போற வண்டிங்க மதுரையிலேர்ந்து சும்மா திரும்புறதுக்கு டீசல் காசு வந்தாப் போதும்னு ஒத்துக்குவாங்க. ஆனா ஏத்துறதுக்கு முன்னாடி நீங்களே பாடிக்குள்ள ஏறிப் பாருங்க, கையால தரையைத் தடவிப் பாருங்க. எங்க சொந்தக்காரங்க ஒருத்தர் இப்படித்தான் கரி மூட்டை இறக்குன வண்டியில ஏத்திட்டாரு, மேல பாக்க கூட்டித்தான் இருந்துச்சு, பலகை இடுக்குல இருந்த கரித்தூள் வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கி இலவம்பஞ்சு மெத்தைக்குள்ள போயி உக்காந்துடுச்சு, உறையைத் துவைச்சாலும் மெத்தையைத் தட்டுனா இன்னைக்கும் கருப்பாத் தூசி வருது. கருவாட்டு வண்டின்னா சொல்லவே வேண்டாம், பருத்தித் துணியில ஏறுன அந்த வாடை லேசுல போகாது. வண்டியைக் கழுவிக் காயவச்சுக் கொண்டாரச் சொல்லுங்க, அடியில புதுத் தார்ப்பாய் விரிக்கச் சொல்லுங்க, மெத்தை தலகாணி துணிமணிய மட்டும் பிளாஸ்டிக்ல கட்டுங்க. பீரோவை அப்படிக் கட்டி வச்சுடாதீங்க, நம்ம கடக்கரை ஈரம் உள்ள மாட்டிக்கிட்டா ரெண்டு நாள்ல துரு பூக்கும், போர்வையும் அட்டையும் போதும். வீட்டுக்கு வந்ததும் பீரோ கால்ல கொஞ்சம் கிரீஸ் தடவி கட்டை வச்சு நிறுத்துங்க, ராமேஸ்வரத்துக் காத்துல இரும்பு படுற பாடு கொஞ்ச நஞ்சமில்ல.

நாள் பாக்கறது உங்களுக்கு ரொம்ப முக்கியம். தீவுக்குள்ள ரோடு வழியா வரணும்னா 1988-ல திறந்த அந்தப் பாம்பன் பாலம் ஒண்ணுதான். லீவு நாள்ல கடலப் பாக்கணும்னு பாலத்து மேலயே வண்டிய நிறுத்திடுவாங்க, ஊர்ந்துதான் வரணும். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை இந்த மூணுக்கும் முன்னாடி நாளும் அன்னைக்கும் சாமான் கொண்டாரவே கூடாது, ரதவீதிப் பக்கம் வண்டியே விட மாட்டாங்க. ஐப்பசி கார்த்திகை மழையில, அதுவும் புயல் சின்னம்னு ரேடியோவுல சொல்லிட்டா, அட்வான்ஸ் போனாப் போகுதுன்னு தேதியத் தள்ளி வைங்க. 1964-ல தனுஷ்கோடிய அடிச்சுக்கிட்டுப் போன கடல் இது, காத்து வீசுற நாள்ல திறந்த லாரியில தார்ப்பாய் நிக்காது.

கேள்வி: அக்கா, போன மாசம் பரமக்குடிக்கு மாறி வந்தோம். டிவி ஸ்கிரீன் உடைஞ்சு, தேக்கு அலமாரியோட ஒரு கால் போச்சு. கேட்டா பில்லுல ஓனர்ஸ் ரிஸ்க்னு போட்டிருக்கு, ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க. (வாசகி, பரமக்குடி)

மனசு கஷ்டமாத்தான் இருக்கும்மா, ஆனா அவங்க சொல்றதை அப்படியே நம்பாதீங்க. உடைஞ்சா சாமான்காரங்கதான் பொறுப்புங்கற அந்த ரெண்டு வார்த்தைய அச்சடிச்சு வச்சதாலயே எல்லாப் பொறுப்பும் கழிஞ்சு போயிடாது. சரக்கு ஏத்திட்டுப் போறவங்களுக்குன்னே 2007-ல ஒரு சட்டம் போட்டு, 2011-லேர்ந்து அது நடைமுறையில இருக்கு, தமிழ்ல சொன்னா சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம். அதுப்படி நீங்க கேஸுக்குப் போகணும்னா அதுக்கு முன்னாடி, சாமான் புக் பண்ணுன தேதியிலேர்ந்து 180 நாளுக்குள்ள, எழுத்து மூலமா கம்பெனிக்கு நோட்டீஸ் குடுத்திருக்கணும். போன்ல திட்டினது, வாட்ஸப்ல அனுப்பினது இதையெல்லாம் நம்பி உக்காந்திருக்காதீங்க, இன்னைக்கே ஒரு வெள்ளைத் தாள்ல என்ன உடைஞ்சுச்சு, என்ன விலை, போட்டோ இதையெல்லாம் வச்சு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, ரசீதைப் பத்திரமா வைங்க.

இன்னொண்ணு, பில்லுல சாமானோட மதிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், அதை எடுத்துப் பாருங்க. கூடுதலா ரிஸ்க் கட்டணம் கட்டி எழுதி வாங்கலைன்னா, அவங்க குடுக்க வேண்டியது லாரி வாடகையில பத்து மடங்கு வரைக்கும்தான், அதுவும் அந்தக் கட்டத்துல எழுதியிருக்குற மதிப்பைத் தாண்டாது. வாடகை 20,000-ன்னா ரெண்டு லட்சம் வரைக்கும் கேக்கலாம், ஆனா கட்டத்துல 'வீட்டுச் சாமான், 10,000'னு அவங்களே கிறுக்கி உங்க கையெழுத்து வாங்கியிருந்தா உங்க உரிமை அந்தப் பத்தாயிரத்தோட நின்னுடும். என் பில்லுலயும் அப்படித்தான் எழுதியிருந்தாங்க, வந்து ரெண்டு மாசம் கழிச்சுத்தான் அதையே கவனிச்சேன். இனிமே மாறப் போறவங்க அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்புங்க, சாமான் லிஸ்டையும் கூடவே கோத்து வைங்க. இறக்குனதும் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு இருக்குற தாளை நீட்டுவாங்க, பெட்டியப் பிரிக்காம அதுல கையெழுத்துப் போடாதீங்க, அவசரப்படுத்தினா 'பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை'னு உங்க கையால எழுதிட்டுப் போடுங்க.

நோட்டீஸுக்கு மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணிப் புகார் பதியலாம், அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் ராமநாதபுரத்துலயே இருக்கு. கம்பெனி சென்னையில இருந்தாலும் நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நீங்க குடுத்த வாடகை 5 லட்சத்துக்குள்ளங்கறதால கட்டணமும் கிடையாது. வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னு இல்ல, நீங்களே போய்ப் பேசலாம்.

கேள்வி: மேடம், இன்சூரன்ஸ்னு ஒரு தொகையும், இ-வே பில்லுக்குன்னு ஒரு தொகையும் தனியாக் கேக்குறாங்க. குடுக்கலாமா? சிலிண்டரையும் ஏத்தலாமா? (வாசகர், திருச்சி)

இ-வே பில்லுங்கறது சரக்கு ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போறப்ப ஜிஎஸ்டிக்காக எடுக்குற சீட்டு, வீட்டுல புழங்குன பழைய சாமானுக்கு அது தேவையே இல்ல சார், ஜிஎஸ்டி விதியிலயே விலக்கு இருக்கு, அதுக்குன்னு பத்து ரூபா கூடக் குடுக்காதீங்க. ஜிஎஸ்டி நம்பர் கேட்டு வாங்கி ஜிஎஸ்டி வெப்சைட்டுல போட்டுப் பாருங்க, 15 எழுத்து இருக்கும், தமிழ்நாட்டுக் கம்பெனின்னா 33-ல ஆரம்பிக்கும், அதுல வர்ற பேரும் பில்லுல இருக்குற பேரும் ஒண்ணா இருக்கணும். இன்சூரன்ஸ்னா இன்சூரன்ஸ் கம்பெனி குடுத்த தாள் வேணும், பாலிசி நம்பரோட, உங்க சாமானைக் குறிப்பிட்டு. அது வராம வெறும் சதவீதம் போட்டுக் காசு வாங்கினா அது அவங்க வாய்ப் பேச்சு, அவ்வளவுதான்.

சிலிண்டரை ஏத்தவே ஏத்தாதீங்க, ஏஜென்சியில சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சு ட்ரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிட்டு வந்தா இங்க இருக்குற ஏஜென்சியில புதுசு தருவாங்க. பைக்கை ஏத்துறதா இருந்தா பெட்ரோலை வடிச்சுடுங்க, ஆர்சி, இன்சூரன்ஸ் நகல் லாரியில ஒண்ணு, உங்க கையில ஒண்ணு. ஃப்ரிட்ஜை நிமித்தித்தான் கொண்டாரணும், படுக்க வச்சுட்டாங்கன்னா வந்ததும் சுவிட்ச் போடாதீங்க, ராத்திரி முழுக்க நிக்க விட்டு மறுநாள் காலையில போடுங்க.