திருகோணமலையில் கல் சேகரிக்க அனுமதி வேண்டுமா?

கல் சேகரிப்பு என்றால் கற்களையும் கனிமங்களையும் இயற்கையில் தேடி எடுப்பது. இலங்கையில் நிலம் யாருடையதானாலும் அதிலுள்ள கனிமம் அரசுக்கே சொந்தம். 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சொந்த வளவில் நிற்கும் பலா மரத்தைத் தறிக்கவும் அனுமதி எடுக்கிறோமே, அது மாதிரி. தோண்டும் எண்ணம் இருந்தால் முதலில் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தில் கேளுங்கள்.

சரி, எப்போது போகலாம்? மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. புல்மோட்டையைக் கட்டாயம் பாருங்கள்: இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்ற கனிமங்கள் கலந்த மணல், கரையே கறுத்து மின்னும். வலுவான காந்தத்தில் கறுப்பு மணிகள் ஒட்டுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசை! ஆனால் அள்ளிக்கொண்டு வராதீர்கள், அது அரச நிறுவனம் அகழும் மணல்.

செத்த பவளத்தை எடுத்தால் குற்றமில்லை என்று பலர் நம்புகிறார்கள். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் அங்கே அதையும் எடுக்கக் கூடாது.