காப்பகத்தில் கட்டும் 250 பவுண்டோடு முடியாது, தம்பி

பாபநாசம் பக்கத்திலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து சில மாதங்களே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: மகள் பூனை வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், விலங்குக் காப்பகத்தில் இரண்டு குட்டிகளுக்குச் சேர்த்து 250 பவுண்ட் சொல்கிறார்கள், அதற்கு மேல் மாதம் 50 ஒதுக்கினால் போதுமா? கூடவே பழைய கார் வாங்கலாமா, ஹீட்டரை எத்தனை மணி நேரம் போடலாம் என்றும் கேட்டிருக்கிறார். காருக்கும் ஹீட்டருக்கும் பதில் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் விட்டுவிடுகிறேன். பூனை விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் கணக்குப் போடாமல் இறங்கிவிடுகிறார்கள்.

50 போதாது. இரண்டு குட்டிகளின் சாப்பாடும் அவை கழிவு போகும் மணலும் மட்டுமே மாதம் 60 ஆகும். இன்சூரன்ஸ், தடுப்பூசி எல்லாம் சேர்த்து 120 வையுங்கள். வருடா வருடம் ஊருக்குப் போகிற குடும்பம் என்றால் பூனை விடுதிச் செலவோடு 185.

காப்பகம் கேட்கும் 250-ல் குறை சொல்ல ஒன்றுமில்லை. குட்டி ஒன்றுக்கு 100 முதல் 200 பவுண்ட் வரை இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பணத்தில் மருத்துவப் பரிசோதனை, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்), முதல் தடுப்பூசி, புழு மருந்து, தெள்ளு மருந்து எல்லாம் அடங்கியிருக்கும். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, இரண்டாம் தடுப்பூசி யார் பொறுப்பு? எட்டு, ஒன்பது வாரத்தில் முதல் ஊசி, அதிலிருந்து மூன்று நான்கு வாரத்தில் அடுத்தது. குட்டி உங்களிடம் வந்த பிறகுதான் அது வரும். உங்கள் பொறுப்பென்றால் குட்டிக்கு 40 முதல் 70 பவுண்ட். இரண்டாவது, கருத்தடை ஆகிவிட்டதா, இல்லை வவுச்சர் தருகிறார்களா? வவுச்சர் என்றால் அதில் கடைசித் தேதி இருக்கும், எந்தக் கால்நடை மருத்துவரிடம் (வெட்) செல்லும் என்றும் எழுதியிருக்கும். தேதி போனால் பெண் குட்டிக்கு நூறு பவுண்டுக்கு மேலேயே ஆகலாம். நாலு மாதத்திலேயே செய்துவிட வேண்டும். அந்த வயதிலேயே பெண் குட்டி சினையாகிவிடும், கூடப் பிறந்த ஆண் குட்டி அதே வீட்டில் இருந்தாலும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் பூனைக்கு மைக்ரோசிப் கட்டாயம். இருபது வாரம் முடிவதற்குள் போட்டிருக்க வேண்டும், மீறினால் 500 பவுண்ட் வரை அபராதம். சிப்பைக் காப்பகமே போட்டுத்தரும். ஆனால் அதில் பதிவான முகவரியும் போன் நம்பரும் உங்கள் பொறுப்பு. வந்த புதிதில் நாம் ஆறு மாதத்துக்கு ஒரு வீடு, ஒரு சிம் என்று மாறுகிறோம். ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவையும் மாற்றுங்கள்.

வீட்டுச் சாமான்களில் அதிகம் செலவழிக்காதீர்கள். தூக்கிச் செல்ல குட்டிக்கு ஒரு கூடை என இரண்டு, மணல் தட்டு மூன்று, நகம் கீறக் கயிறு சுற்றிய கட்டை ஒன்று, ஜன்னலுக்கு வலை. 170 பவுண்டுக்குள் முடியும். படுக்கைக்குப் பழைய துண்டும் அட்டைப்பெட்டியும் போதும். தட்டு எதற்கு மூன்று என்று கேட்பீர்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் கம்பளத்தில் போகும், அந்த வாடை போகாது, வீட்டைக் காலி செய்யும்போது டெபாசிட்டில் பிடிப்பார்கள். மணலில் மரத்தூள் உருண்டை விலை குறைவு, நாற்றத்தையும் நன்றாக அடக்கும். மாதம் 15 பவுண்ட் போதும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பூனைக்குச் சாப்பாட்டுச் செலவு என்று ஒன்று கிடையாது. பத்தாயமும் குதிரும் இருந்த வீடுகளில் எலிக்காகப் பூனை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. குறுவை அறுத்து மூட்டை வீடேறியதும் எலி வரும், எலிக்குப் பின்னால் பூனை வரும். மத்தியானம் வைக்கிற ஒரு பிடி மீன்குழம்புச் சோறும், மீன்காரம்மா வருகிற நாளில் தலையும் வாலும் அதற்கு மேல்வரும்படி. நம்மிடம் அது சோறு தின்றே வளர்ந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அது எலி தின்று வளர்ந்தது. பூனை உடலுக்கு டாரின் என்ற சத்து வெளியிலிருந்து வந்தாக வேண்டும், அது இறைச்சியில்தான் இருக்கிறது. லெஸ்டர் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற பூனைக்கு எலி ஏது? தயிர்சாதமும் பாலும் மட்டும் கொடுத்தால் மாதக்கணக்கில் கண் பார்வையும் இதயமும் கெடும், பாலுக்கு வயிற்றோட்டமும் சேரும். சைவக் குடும்பமாக இருந்தாலும் பூனைக்கு இறைச்சி உணவு வாங்கத்தான் வேண்டும். அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் பூனை வேண்டாம், முயல் வளருங்கள்.

கடையில் பை வாங்கும்போது ‘கம்ப்ளீட்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘காம்ப்ளிமெண்டரி’ என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ளத்தான், அதையே முழுச் சாப்பாடாகப் போடக்கூடாது. பல டூனா டப்பாக்கள் அந்த வகை. ஒரு வயது வரை குட்டிகளுக்கான உணவு. சூப்பர்மார்க்கெட்டின் சொந்த பிராண்ட் பையும் உலர் தீனியும் கலந்து போட்டால் இரண்டுக்கும் மாதம் 45 பவுண்டில் நிற்கும். விலை கூடிய பிராண்ட் எடுத்தால்தான் பாசம் என்று இல்லை.

இனி வெட். மனிதருக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பில் போடாததால், இங்கே வைத்தியம் என்றாலே இலவசம் என்ற நினைப்பு நமக்கு ஊறிவிடுகிறது. ஊரிலும் ஆடு மாட்டுக்கு அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது, ஒரத்தநாட்டில் கல்லூரியே இருக்கிறது. இங்கே பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாலே 50, 60 பவுண்ட். ராத்திரியிலோ ஞாயிற்றுக்கிழமையோ என்றால் வைத்தியம் தொடங்கும் முன்பே 200-ஐத் தாண்டும். எல்லாவற்றுக்கும் மேல் 20 சதவீத வாட் வரி. 2013-ல் கால்நடை மருத்துவமனைகளில் பத்தில் ஒன்றுதான் பெரிய குழுமங்களிடம் இருந்தது, பிறகு ஆறு குழுமங்களிடம் 60 சதவீதம் போய்விட்டது. 2024-ல் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் இதை முழுதாக விசாரிக்கத் தொடங்கியதே இதனால்தான். ஆகவே இரண்டு மூன்று இடங்களில் போன் போட்டு விலை கேளுங்கள். இங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நெடுநாள் மருந்து எழுதினால் சீட்டை மட்டும் கட்டணம் கொடுத்து வாங்கி, ஆன்லைன் மருந்தகத்தில் வாங்குங்கள்.

நம் போன்றவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. இங்குள்ள நண்பர்கள், ‘முடியாவிட்டால் பிடிஎஸ்ஏ இருக்கிறதே’ என்பார்கள். அந்த மாதிரித் தொண்டு மருத்துவமனைகளின் உதவி பெரும்பாலும் அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குத்தான். வேலை விசாவில் வந்த நம் விசாவில் பொது நிதி உதவி கிடையாது என்று போட்டிருக்கும். சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கதவு நமக்குத் திறக்காது. குறைந்த விலைக் கருத்தடைத் திட்டங்கள் பலவும் அப்படித்தான். அதனால் இன்சூரன்ஸ் நமக்கு விருப்பம் அல்ல, அவசியம்.

குட்டிக்கு மாதம் 12 பவுண்ட் என்று வையுங்கள். மலிவான திட்டங்கள் ஒரு நோய்க்கு 12 மாதம் மட்டும் பணம் தரும், அதன் பிறகு அதே நோய்க்குத் தராது. வயதான பூனைகளுக்கு வருகிற சிறுநீரகக் கோளாறும் தைராய்டும் 12 மாதத்தில் போகிறவை அல்ல. வருடா வருடம் தொகை புதிதாகத் தொடங்குகிற ‘லைஃப்டைம்’ வகையைக் குட்டியிலேயே எடுங்கள். ஒருமுறை வந்த நோய், பின்னால் நிறுவனம் மாறினால் பழைய நோய் என்று ஒதுக்கப்படும். வருடாந்திரத் தடுப்பூசி தவறினால் அந்த நோய்க்கான பணத்தை மறுக்க இடம் உண்டு. ‘எக்ஸஸ்’ எனும் நம் பங்காக நூறு பவுண்டாவது நம் கையிலிருந்து போகும் என்பதால் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். வெட் விற்கும் மாதாந்திர ‘ஹெல்த் பிளான்’ இன்சூரன்ஸ் அல்ல. அதில் தடுப்பூசி, தெள்ளு மருந்து, புழு மருந்து போன்றவை மட்டுமே வரும். இரண்டு குட்டிகளுக்கும் சேர்த்து மாதம் 30, 35. இதுவும் இன்சூரன்ஸும் ஒன்றென்று நினைத்து ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

வெட் பில்லை ஏற்றுகிற சாமான்கள் நம் வீட்டில்தான் அதிகம். பூச்சரம் கட்டுகிற நூலும் வாழைநாரும் முதலாவது. குட்டி அதை விழுங்கினால் குடல் சுருங்கிக் கிழியும், அறுவைச் சிகிச்சைக்கு 2000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். சாமி படத்துப் பூவை எட்டாத இடத்தில் வையுங்கள், நூலை உடனே மூடிய குப்பையில் போடுங்கள். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், பாரசிட்டமால் மூன்றும் பூனைக்கு விஷம். பாரசிட்டமால் ஒரே மாத்திரையில் கொல்லும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு ரத்த அணுக்களை உடைக்கும். சூப்பர்மார்க்கெட் பூங்கொத்தில் லில்லி இருந்தால் அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். நாய்க்கான தெள்ளு மருந்தைக் காசு மிச்சம் என்று பூனைக் கழுத்தில் விடாதீர்கள். அதில் உள்ள பெர்மெத்ரின் வலிப்பில் தள்ளும்.

வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே காப்பகத்துக்குப் போங்கள், அவர்கள் அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள். இங்கிலாந்தில் டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது, பூனைக்கென்று தனி டெபாசிட் கேட்க முடியாது. 2026 மே முதல் நியாயமான காரணமின்றி மறுக்கவும் கூடாது. மறைத்து வளர்க்கும் நம் ஆட்களை நான் ஏற்கவில்லை. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் அந்தப் பூனையைக் கூடையில் அடைத்து நண்பர் வீட்டுக்கு அலைக்கழிக்கிறார்கள்.

கடைசியாக, ஊர்ப் பயணம். பள்ளி விடுமுறை ஜூலையில் தொடங்கி ஆறு வாரம் போல. நாம் ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் இறங்கக் கிளம்புகிற அதே வாரங்களில்தான் இந்த நாடே விடுமுறைக்குப் போகிறது, பூனை விடுதிகள் நிரம்பிவிடும். ஒரே அறையில் இரண்டு பூனைகளுக்கு ஒரு நாள் 23 பவுண்ட் என்றால் 35 நாளுக்கு 805. டிக்கெட் போடும் அன்றே விடுதியையும் பதிவு செய்யுங்கள். தடுப்பூசிச் சான்று நடப்பில் இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். ஆயிரம் பவுண்ட் கொடுத்து ஜாதிப்பூனை வாங்கித் தீபாவளிக் கூட்டத்தில் காட்டுகிறவர்கள், ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் ‘நல்ல வீட்டுக்கு இலவசம்’ என்று விளம்பரம் போடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பூனை பதினைந்து வருடம் இருக்கும் பிராணி.

இந்த வருட ஆடிக்கு ஏற்கனவே டிக்கெட் போட்டாகிவிட்டது என்றால் இப்போது குட்டி எடுக்காதீர்கள். வந்து சில வாரங்களே ஆன குட்டியை ஒரு மாதம் விடுதியில் விடுவது அதற்கும் கெடுதல், பணமும் வீண். திரும்பி வந்து செப்டம்பரில் காப்பகத்தைக் கூப்பிடுங்கள். கோடையில் பிறந்த குட்டிகள் அப்போதும் நிறைய இருக்கும். அதுவரை மாதம் 120-ஐத் தனிக் கணக்கில் போட்டுக்கொண்டே வாருங்கள். மற்றச் செலவு இடிக்காமல் போட முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும், கூடை, தட்டு, இரண்டாம் தடுப்பூசிச் செலவுக்கும் கையில் பணம் சேர்ந்திருக்கும்.