19ஆம் நூற்றாண்டில் ‘சிற்றூர் டாக்டர்’ என்றால் யார்? அவர் குடும்பம் எப்படி வாழ்ந்தது?

ஒரு சிற்றூருக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தவர்தான் சிற்றூர் டாக்டர். பெரும்பாலும் வீடே மருத்துவமனை. அதனால் மனைவி மக்களும் அந்தத் தொழிலுக்குள்ளேயே வாழ்ந்தார்கள். முன்கட்டில் மளிகைக்கடை, பின்கட்டில் குடித்தனம் என்றிருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக். 1872இல் மனைவி எம்மி, சிறு மகள் கெர்ட்ரூடுடன் வோல்ஸ்டைன் என்ற ஊருக்கு வந்தார். அது இன்று போலந்தில் இருக்கிறது. எம்மி பிறந்தநாள் பரிசாகத் தந்த நுண்ணோக்கிதான் அவருடைய பெரிய சொத்து. ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய தொற்றுநோயில் செத்த கால்நடையின் ரத்தத்தை மெல்லிய மரச்சிராயில் தொட்டு எலிக்குள் செலுத்தினார். கிருமி வளர்க்க மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் நீரைப் பயன்படுத்தினார். எல்லாம் வீட்டிலேயே! விதை நெல்லைப் போல அந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் என்பது 1876இல் புலப்பட்டது. ஒரே மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் திரும்பத் திரும்பச் செத்த மர்மம் அப்போதுதான் விளங்கியது.

ஆந்த்ராக்ஸ் கிருமியை முதலில் பார்த்தவர் கோக் என்று பலர் நினைக்கிறார்கள். பார்த்தவர்கள் முன்பே இருந்தார்கள், நோய்க்குக் காரணம் அதுவே என்று நிரூபித்தவர்தான் அவர்.