10 கிராம் புரதத்துக்கு எத்தனை ரூபாய்?

கேள்வி: பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் இருக்கிறோம், வீட்டில் நான்கு பேர். துவரம்பருப்பு கிலோ 140, மீல் மேக்கர் 160, பன்னீர் 400, கோழி எலும்போடு 240, எலும்பில்லாமல் 360, பால் லிட்டர் 48, முட்டை 7 ரூபாய் என்று வாங்குகிறோம். எது கட்டுப்படியாகும்? ஜிம்முக்குப் போகும் மகன் (19 வயது, 60 கிலோ) கிலோ 2,500 ரூபாய்க்குப் புரதப் பவுடர் கேட்கிறான். வாங்கலாமா?

பதில்: கிலோ விலையை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். பன்னீரில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பருப்பில் பத்தில் ஒரு பங்குதான். 10 கிராம் புரதத்துக்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள்.

உங்கள் விலைக்கு மீல் மேக்கர் 3 ரூபாய்தான். 100 கிராமில் 52 கிராம் புரதம். துவரம்பருப்பில் 22 கிராம், ஆகவே 6 ரூபாய் சொச்சம். முட்டை ஒன்றில் 6 கிராம் என்றால் 12 ரூபாய். பால் 15, பன்னீர் 22. கோழியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எலும்போடு ஒரு கிலோ வாங்கினால் 300 கிராம்போல எலும்பாகவே போய்விடும். மிச்சக் கறியில் 140 கிராம் புரதம், ஆக 17 ரூபாய். எலும்பில்லாத நெஞ்சுக்கறி 16 ரூபாய்க்கு வந்துவிடுகிறது.

பருப்புப் புரதத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு செரிக்காது. அதைக் கழித்தாலும் 8 ரூபாய்தான், முட்டையைவிட மலிவு. புரதம் அமினோ அமிலங்கள் என்னும் சிறு துண்டுகளால் ஆனது. அவற்றில் பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியிலும் கோதுமையிலும் லைசின் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். இட்லியும் பொங்கலும் இதைத்தான் செய்கின்றன.

குறை பெரும்பாலும் அளவில்தான். நான்கு பேருக்கு இரண்டு வேளை சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு போட்டால், ஒருவருக்கு ஒரு வேளைக்கு 3 கிராம் புரதம்கூடக் கிடைக்காது. ஒருவருக்கு நாளைக்கு 50 கிராம் பருப்பு (சமைக்கும் முன் எடை) என்று வையுங்கள். சாம்பார் கெட்டியாகிறது என்றால் மிச்சத்தைக் கூட்டாகவோ சுண்டலாகவோ, இங்கே கன்னடக்காரர் வீடுகளில் செய்வதுபோல் ஊறவைத்த பாசிப்பருப்புக் கோசம்பரியாகவோ கொடுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். அரிசி 150, கோதுமை மாவு 100 கிராம் சேர்ந்து 21. பருப்பு 50 கிராமில் 11. பாலும் தயிருமாக 300 மில்லியில் 9 அல்லது 10. முட்டை ஒன்றில் 6. கணக்கு நிறைந்துவிட்டது, பன்னீர் இல்லாமலே. கர்ப்பிணிகளுக்கு இது போதாது.

வேர்க்கடலை புரதத்துக்கு மலிவுதான். ஆனால் 10 கிராம் புரதத்துக்கு 40 கிராம் தின்ன வேண்டும். கூடவே 220 கலோரிக்கு மேல் வரும். மெலிந்த பிள்ளைக்கு நல்லது, எடை குறைக்க நினைப்பவர் ஒரு கைப்பிடியோடு நிறுத்த வேண்டும்.

மீல் மேக்கரை வெந்நீரில் உப்புப் போட்டு 10 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி மறுபடி பிழியுங்கள். சரியாகப் பிழியாததால்தான் அந்தப் பச்சை வாடை நிற்கிறது. மசாலாவும் உள்ளே இறங்காது. 52 கிராம் என்பது காய்ந்த எடைக்கு. ஊறியதும் எடை மூன்று மடங்காகும் என்பதால் சமைப்பதற்கு முன்பே நிறுத்துக்கொள்ளுங்கள். முதலில் 15 கிராமில் தொடங்கி 30க்குக் கூட்டினால் வயிறு உப்பாது.

இனி மகன். உடற்பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படலாம். 60 கிலோவுக்கு 72 முதல் 96 கிராம். மேலே சொன்ன சாப்பாட்டோடு இரண்டு முட்டையும் 30 கிராம் மீல் மேக்கரும் கூட்டினால் 27 கிராம் வந்து 74ஐத் தொடும். செலவு 19 ரூபாய். பவுடரில் 24 கிராம் தரும் ஒரு கரண்டிக்கு ஏறக்குறைய 80 ரூபாய் ஆகிறது. இப்போதைக்கு வாங்க வேண்டாம். மஞ்சள் கருவை எறியாமல் சாப்பிடச் சொல்லுங்கள். முட்டைப் புரதத்தில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால், அவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.