திருமணமாகாத துணையுடன் கனடா: விண்ணப்பத்தில் அவரைச் சொல்லாமல் விடலாமா?

கேள்வி: நான் திருநெல்வேலியைச் சேர்ந்தவள், சிங்கப்பூரில் செவிலியராகப் பணிபுரிகிறேன். என்னுடன் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவரும் நானும் பத்து மாதங்களாக ஒரே வீட்டில் வாழ்ந்துவருகிறோம். ஊரில் அவருக்குத் திருமணமாகி, மனைவியைப் பிரிந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. எட்டு வயது மகள் அவருடைய அம்மாவிடம் வளர்கிறாள். அவர்கள் நாட்டில் விவாகரத்துக்கு வழி இல்லாததால் நாங்கள் இப்போதைக்குத் திருமணம் செய்துகொள்ள முடியாது. புள்ளிகளை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை வழியாகக் கனடாவின் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். “சிங்கிள் என்றே போடுங்கள், புள்ளிகள் கூடும், போன பிறகு அவரை ஸ்பான்சர் செய்துகொள்ளலாம்” என்கிறார் ஏஜென்ட். அப்படிச் செய்யலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிங்கப்பூர்

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தாலியோ பதிவுச் சான்றிதழோ இல்லாவிட்டாலும், தம்பதியாக ஒரே வீட்டில் தொடர்ந்து 12 மாதங்கள் வாழ்ந்த இருவரைக் கனடாவின் குடியேற்றச் சட்டம் ‘காமன்-லா’ துணைவர்களாகவே கருதுகிறது. நீங்கள் இன்று விண்ணப்பித்தால் ஏஜென்ட் சொல்வது சட்டப்படி பொய்யாகாது. ஆனால் இன்னும் இரண்டு மாதங்களில், எந்தச் சடங்கும் கையெழுத்தும் இல்லாமலே உங்கள் நிலை மாறிவிடும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதோ, விசா கைக்கு வந்து நீங்கள் அங்கே போய் இறங்குவதற்கு முன்போ அந்த மாற்றம் நேர்ந்தால், அதைத் தெரிவிக்க வேண்டிய கடமை உங்களுடையது.

தெரிவிக்காமல் விட்டால், நீங்கள் நம்பியிருக்கும் அந்த ஸ்பான்சர் வழியே அடைபட்டுப் போகும். நிரந்தரவாசம் பெறும் வேளையில் குறிப்பிடப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்ட குடும்ப உறுப்பினரைப் பின்னர் ஸ்பான்சர் செய்ய முடியாது என்று அந்நாட்டுக் குடியேற்ற விதிகளின் 117(9)(டி) பிரிவு சொல்கிறது. விதிவிலக்கு கேட்டு மன்றாடலாமே தவிர, உரிமையாகக் கேட்க முடியாது. உண்மையை மறைத்ததாக முடிவு செய்யப்பட்டால், நீங்களே ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாமல் போகலாம். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது என்பதால், அந்த விளைவும் உங்களைத்தான் சேரும்.

புள்ளிகளைப் பற்றி ஏஜென்ட் சொல்வதில் உண்மை உண்டு. தனியாக விண்ணப்பிப்பவருக்கு வயதுக்கு அதிகபட்சம் 110 புள்ளிகள்; துணையுடன் விண்ணப்பித்தால் 100. கல்வி, மொழி ஆகியவற்றிலும் சிறிது குறையும். ஆனால் குறைவதில் ஒரு பகுதியை உங்கள் துணையின் பட்டப்படிப்பும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணும் ஈடுகட்டும் என்பதால், முதலில் அவரையும் தேர்வு எழுதச் சொல்லிவிட்டு அதன்பின் கணக்குப் போடுங்கள். அப்படியும் போதாது என்றால் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. அவரை உங்கள் துணையாகக் குறிப்பிட்டு, மருத்துவப் பரிசோதனையும் செய்ய வைத்து, இப்போது உடன் வரவில்லை என்று தெரிவிக்கலாம். அப்போது புள்ளிகள் தனியாக விண்ணப்பிப்பவருக்கு உரியபடியே கணக்கிடப்படும். ஆனால் நீங்கள் கனடாவில் குடியேறி, ஸ்பான்சர் விண்ணப்பம் முடியும்வரை பிரிந்திருக்க இருவரும் உண்மையிலேயே தயாராக இருந்தால் மட்டுமே அப்படி எழுதுங்கள்.

அவருடைய பழைய திருமணம் இதற்குத் தடையில்லை. பிலிப்பைன்ஸில் முஸ்லிம் அல்லாத தம்பதிகளுக்கு விவாகரத்துச் சட்டமே கிடையாது என்பது குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. அவர் மனைவியைப் பிரிந்துவிட்டார் என்பதை நிறுவினால், நீங்கள் சேர்ந்து வாழத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதங்கள் கணக்கிடப்படும். வேறொரு நாட்டுக்குப் போய் அவசரமாகப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளும்படி யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். முதல் திருமணம் நிலுவையில் இருக்கும்போது நடக்கும் அது, அவருடைய நாட்டுச் சட்டப்படி செல்லாது.

அந்தச் சிறுமியை மறந்துவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். 22 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளை என்பதால், உங்கள் துணையின் மகள் உங்கள் விண்ணப்பத்திலும் குடும்ப உறுப்பினர்தான். இப்போது வராவிட்டாலும் அவள் பெயர் இருக்க வேண்டும். ஊரிலேயே அவளுக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். விட்டுவிட்டால் மேலே சொன்ன அதே விதி அவளையும் தந்தையிடமிருந்து பிரித்துவைக்கும். குடியேறியபின் செலவுக்கு இருப்பதாகக் காட்ட வேண்டிய பணமும் மூவருக்கான தொகையாக இருக்க வேண்டும்.

இனி, நீங்கள் சேர்ந்து வாழ்வதை நிறுவும் ஆவணங்கள். சிங்கப்பூரில் வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் இருக்கும். மற்றவர் பாதி வாடகையை மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், இந்த வாரமே உரிமையாளரிடம் பேசி இருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். மனிதவள அமைச்சில் பதிவாகியுள்ள உங்கள் இருவரின் முகவரியும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒருவர் இன்னும் பழைய விடுதி முகவரியிலேயே இருந்தால் அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை அனுப்பிய பதிவுகள், காப்பீட்டில் ஒருவரையொருவர் வாரிசாகக் குறித்தது ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். விடுப்பில் ஊருக்குப் போய்வந்த சில வாரங்கள் 12 மாதக் கணக்கை முறிக்காது. மாதங்கள் நிறைந்ததும் இருவரும் நோட்டரி முன்னிலையில், காமன்-லா உறவுக்கான ஐஎம்எம் 5409 உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.

அந்த ஏஜென்டிடம் கனடாவின் குடியேற்ற ஆலோசகர் உரிம எண்ணைக் கேளுங்கள். எண் தர மறுத்தால், கொடுத்த கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, உரிமம் பெற்ற ஆலோசகரையோ கனடிய வழக்கறிஞரையோ அணுகுங்கள்.